கேட்டதும் சொன்னதும்: இரவு இரண்டு மணி வரை கைப்பேசி

கேள்வி: எனக்கு வயது 47. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்தால் வைக்க இரண்டாகிவிடுகிறது. முகநூலில் போட்ட படத்தை யாருக்கெல்லாம் பிடித்தது என்று திறந்து திறந்து பார்க்கிறேன். நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோன படத்தைப் பார்த்த அன்று தூக்கமே இல்லை. ‘உனக்கு மனவுறுதி கிடையாது’ என்கிறார் கணவர். இது நோயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் ஊரில் நான்கு நம்பர் லாட்டரி எடுப்பவர்களைக் கணவர் பார்த்ததில்லையா? என்றைக்கோ ஒருநாள் விழுகிறது என்பதால்தான் விடாமல் எடுக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுக்கூடப் புறாக்களும் அப்படித்தான். பொத்தானை எத்தனையாவது முறை கொத்தினால் தானியம் விழும் என்று தெரியாதபோது ஓயாமல் கொத்தின. 2009இல் முகநூல் கொண்டுவந்த விருப்பக் குறியும் எப்போது வரும் என்று தெரியாமல்தான் வருகிறது. இதில் மனவுறுதியை மட்டும் குறைசொல்வது அநியாயம்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூர்க் கோடீஸ்வரரின் மாளிகையைப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட்டிருக்க மாட்டீர்கள். மனிதர் தம்மைப் போன்றவரோடுதான் தம்மை அளந்து பார்க்கிறார் என்று 1954இலேயே உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். அந்த வீட்டுக் கடன் தவணை படத்தில் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது பத்து மணிதான். நான் வளர்ந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் மாலையானால் பெண்கள் குழாயடியில் கூடுவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகளுக்கு வரன், யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சண்டையும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. இன்று தாமான் குடியிருப்பில் ஏழு மணிக்கே இரும்புக் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. பிள்ளைகளும் இல்லாத வீட்டில் நீங்கள் தேடுவது பேச்சுத் துணை. கைப்பேசி அதைக் காட்டுகிறது, கொடுப்பதில்லை.

நோய் என்று நீங்களே பெயர் வைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் கணினி விளையாட்டுக் கோளாறைச் சேர்த்தது. சமூக ஊடகத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் தூக்கக் கெடுதியும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். பிள்ளைகளின் ஸ்டேட்டஸைப் பார்ப்பதை விட்டு, ஒன்பது மணிக்கு அழைத்துப் பேசுங்கள். சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், சாக்குச் சொல்ல முடியாது. கணவரும் அறிவுரையை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறையாவது உங்களை ஒட்டுக்கடைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வாங்கித் தரட்டும். அங்கே அவருடைய கைப்பேசியும் சட்டைப்பைக்குள்ளேயே இருக்க வேண்டும்.