மரக்கரண்டியும் ஜனவரி 25-ஆம் தேதியும்

தம்பி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள பாங்கர் நகருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மனைவி விசாவுக்காகத் திருச்சியில் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா சுவரில் மாட்டியிருக்கும் மரக்கரண்டியைக் காட்டி, “25-ஆம் தேதி மனைவிக்கு என்ன அனுப்பப் போகிறாய்?” என்று கேட்டாராம். காதலர் தினம் பிப்ரவரி 14 தானே, கரண்டிக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், வேல்ஸில் என் முதல் ஜனவரியில், நானும் இதையேதான் கேட்டேன்.

அது புனித டுவின்வென் நாள். வேல்ஸ் மக்களின் சொந்தக் காதலர் நாள். டுவின்வென் 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரைக்கன் என்ற அரசனின் மகள் என்பார்கள். மாய்லன் என்ற இளைஞனை விரும்பினாள். தந்தையோ அவளை வேறொருவனுக்குப் பேசி முடித்திருந்தார். அவள் காட்டுக்குப் போய், இந்தக் காதலை மறக்க வேண்டும் என்று அழுது வேண்டினாள். தேவதூதன் தந்த மருந்தில் மாய்லன் பனிக்கட்டியாய் உறைந்துபோனான். பிறகு அவளுக்கு மூன்று வரங்கள் கிடைத்தன. மாய்லன் உயிர் பெற வேண்டும், உண்மைக் காதலர்களின் வேண்டுதல் பலிக்க வேண்டும், தனக்குத் திருமணமே வேண்டாம். தனக்குக் கிட்டாததை மற்றவர்களுக்காகக் கேட்டாளே, அந்த இரண்டாவது வரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இளகும்.

அதன்பின் அவள் தனித்து வாழ்ந்த இடம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மெனாய் பாலத்தைக் கடந்து ஆங்கில்சீ தீவுக்குள் போனால், நியூபரோ கடற்கரையை ஒட்டி லான்துவின் என்ற நிலத்துண்டு வரும். கடல் நன்றாக ஏறும்போது அது தனித் தீவாகிவிடும். ஓதநேரம் பார்த்துவிட்டுப் போங்கள். இடிந்த தேவாலயச் சுவர்கள் நிற்கின்றன. அங்கே ஒரு கிணறும் உண்டு. பெண்கள் அதில் ரொட்டித் துகளைத் தூவி, மேலே கைக்குட்டையை மிதக்கவிடுவார்களாம். உள்ளே இருக்கும் விலாங்குமீன் அதை அசைத்தால் காதலன் உண்மையானவன் என்று நம்பினார்கள்.

14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் டாவித் அப் க்விலிம், தன் காதலி மோர்வித்திடம் தூது போகும்படி டுவின்வென்னையே வேண்டிப் பாடியிருக்கிறார். கிளியையும் அன்னத்தையும் தென்றலையும் தூது விட்ட மொழிக்காரர்கள் நாம். இதைக் கேள்விப்பட்ட அன்றே இந்த ஊர் எனக்கு நெருங்கிவிட்டது.

இனி கரண்டி. காதலிக்குத் தருவதற்காக இளைஞர்கள் தம் கையால் ஒரே மரத்துண்டில் செதுக்கியது அது. கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று இருக்கிறது. காம்பில் உள்ள ஒவ்வொரு வடிவமும் ஒரு பேச்சு. சாவித்துளை என்றால் என் வீடு உன் வீடு. சக்கரம் என்றால் உனக்காக உழைப்பேன். சங்கிலி, பிரியாத பந்தம். கூண்டுக்குள் உருளும் குண்டுகள், விரும்பும் பிள்ளைகளின் எண்ணிக்கை.

எங்கள் பத்தாவது திருமண நாளுக்குப் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒன்று செதுக்கித் தந்தார். சிக்கமோர் மரம், வாசமோ சுவையோ உணவில் ஏறாது என்பதால் அடுக்களைச் சாமான்களுக்கு அதைத்தான் எடுப்பார்களாம். குண்டுகளை எந்த வழியாக உள்ளே நுழைத்தார் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை. கூண்டையும் குண்டையும் ஒரே கட்டையிலிருந்து சிறு கத்தியால் குடைந்திருக்கிறார். நம் கோவில் தூண்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை நினைவுக்கு வந்தது. அசைத்தால் மெல்ல டொக்கென்று ஒரு சத்தம்; என் மகள் குழந்தையாக இருந்தபோது அதைக் கேட்டால்தான் தூங்குவாள்.

டுவின்வென் நாள் விடுமுறை நாள் அல்ல. பெயரில் புனிதை இருந்தாலும், எந்த மதத்தாரும் தயங்காமல் வாழ்த்துச் சொல்லலாம். 1960-களில் உங்கள் பாங்கர் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவி ஒருவர் வெல்ஷ் மொழியில் வாழ்த்து அட்டைகள் அச்சிட ஏற்பாடு செய்தார். இந்த நாள் மீண்டும் பரவியது அப்படித்தான். தாய்மொழியில் காதல் சொல்ல ஒரு நாள் வேண்டும் என்ற அந்த ஆசை நமக்கு விளங்காதா என்ன? ஆகவே அட்டை வாங்கினால் வெல்ஷ் மொழி அட்டையாக வாங்குங்கள். உள்ளே “காரியாட்” என்று எழுதுங்கள். அன்பே என்று பொருள். அதன் கீழே நீங்கள் வழக்கமாக மனைவியை அழைக்கும் பெயரைத் தமிழில் எழுதுங்கள். திருச்சிக்குத் தபால் போய்ச் சேர நாளாகும், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கரண்டியை மனைவி வந்தபிறகு அவர் கையிலேயே கொடுக்கலாம்.

வீட்டுக்கார அம்மாவைக் காலையில் பார்த்தால் “டீத் சான்டெஸ் டுவின்வென் ஹாபிஸ்” என்று சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பு தவறினால் அவரே திருத்துவார். அந்தக் கரண்டியைச் செதுக்கியவர் யார் என்றும் கேளுங்கள். ஆனால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்காதீர்கள். தேநீர் போட்டு உட்காரவைத்துத்தான் சொல்வார்.