சிலிண்டர் அடுப்பைக் குழாய் எரிவாயுவில் பொருத்தலாமா?

சிங்கப்பூரில், பொங்கோலில் புது வீட்டுச் சாவி வாங்கிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈசூனில் அம்மா சிலிண்டர் வைத்துத்தான் சமைக்கிறார். அந்த அடுப்பு ராசியானது, அதில்தான் பால் காய்ச்ச வேண்டும் என்கிறார். எங்கள் வீட்டில் குழாய் எரிவாயு. நாசிலை (வாயு வெளிவரும் துளையுள்ள முனையை) மட்டும் மாற்றினால் போதும், நானே செய்து தருகிறேன் என்கிறார் மாமா. செய்யலாமா?"

வேண்டாம். அம்மாவின் பால் பானையைக் கொண்டுவாருங்கள், அடுப்பு ஈசூனிலேயே இருக்கட்டும்.

சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும். உங்கள் சுவரில் வரும் குழாயில் இருப்பது செனோக்கோ ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகும் வேறு வாயு. அதில் ஹைட்ரஜன் நிறைய. ஒரே அளவு வாயுவை எரித்தால், சிலிண்டர் வாயு ஐந்து மடங்குக்கும் மேல் சூடு தரும். அதனால்தான் சிலிண்டர் அடுப்பின் நாசில் துளை மிகச் சிறியது, குழாய் எரிவாயு அடுப்பின் துளை பெரியது.

துளையைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று மாமா நினைப்பது அதனால்தான். ஆனால் ஹைட்ரஜன் மிக வேகமாகப் பற்றும். பர்னரின் ஓட்டைகள் அதற்கேற்ற அளவில் இல்லாவிட்டால் தீ மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் இப்படித்தான் துளையிட்டிருந்தார்கள். பற்றவைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். பர்னருக்கு மேலே தீயைக் காணோம், அடியில் 'உஸ்' என்று எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் திருகு ஏற்கெனவே ஒரு பக்கம் உருகிப் போயிருந்தது. குழாய் எரிவாயு அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினாலும் ஆபத்துதான். தீ உயரமாக எழும்பி மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடி கரியாகும், கார்பன் மோனாக்சைடும் சேரும். அந்த நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

குழாய் எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்ட, பாதுகாப்பு முத்திரை உள்ள அடுப்பை வாங்குங்கள். தீ அணைந்தால் வாயுவைத் தானே அடைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். பற்றவைத்த பின் திருகைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் அந்த வசதி இருக்கும். இணைக்கும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் கொடுங்கள். வாயுவைத் திறந்துவிட முன்பதிவு வேண்டும், நல்ல நாளுக்கு முன்பே நாள் குறித்துவிடுங்கள்.

வாயு வருவதற்குள் பால் காய்ச்ச வேண்டுமென்றால், பலரும் செய்வதுபோல் சிறு எரிவாயு டப்பா செருகும் கையடக்க அடுப்பு போதும். பானை அகலமாக இருந்து டப்பா இருக்கும் பக்கத்தை மூடிவிடக் கூடாது, டப்பா சூடேறினால் வெடிக்கும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், முடிந்ததும் டப்பாவைக் கழற்றி வையுங்கள்.

பால் பொங்கும் அந்த நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், குலவையிடுவார்கள், பால் வழிந்து தீயை அணைத்திருக்கும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் கை திருகின் மேலேயே இருக்கட்டும். பால் விளிம்பைத் தொட்டு வழிந்ததும் அடைத்துவிடுங்கள். அடுப்பு ஆறியபின் பர்னர் மூடியை எடுத்து, காய்ந்த பாலாடையை ஊசியால் ஓட்டை ஓட்டையாக நீக்கி, கழுவி, நன்றாக உலர்த்தி, கோணாமல் உட்கார வையுங்கள். அதன் பிறகும் தீ மஞ்சளாகவோ ஒரு பக்கம் மட்டுமோ எரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

வாடை வந்தால்? வாயுவுக்கு இயல்பில் வாசம் இல்லை, நமக்குத் தெரியட்டும் என்றுதான் அழுகிய முட்டை நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். விளக்கு, மின்விசிறி, புகைபோக்கி எதன் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாடை போகட்டும் என்று முதலில் புகைபோக்கியைத் தட்டிவிடுவதுதான் பலருடைய பழக்கம், அந்தச் சிறு பொறி போதும். திருகுகளை அடைத்து, சன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்திலுள்ள வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து எரிவாயுக் கசிவுக்கான 1800 752 1800 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தீப்பிடித்தால் 995. பக்கத்து வீட்டுக்காரர்களை எச்சரிக்க மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள்.

அப்புறம், ஈசூனுக்குப் போகும்போது அம்மாவின் அடுப்பையும் ஒரு பார்வை பாருங்கள். ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி எழுந்தால் கசிகிறது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையில், அலமாரி அடியில் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் அலமாரிக் கதவை இறுக மூடி வைக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள்.