பாடவேளைக் கணக்கும் கைப்பேசி நாட்காட்டியும்: ஆசிரியர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்வியாண்டைத் திட்டமிடுவதற்குக் கணினியையும் கைப்பேசியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். எந்தச் செயலி சிறந்தது என்று கேட்டவர்களே மிகுதி. நாள், கெடு, மதிப்பெண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரே இடத்தை முடிவு செய்துகொண்டு, வேறெங்கும் எழுதாமல் இருப்பதே செயலியின் பெயரைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

கணித ஆசிரியர், தருமபுரி: பத்தாம் வகுப்பிற்கு வாரம் ஏழு பாடவேளை எடுக்கிறேன். பாடக்குறிப்பேட்டை ஒழுங்காகவே எழுதுகிறேன். ஆனாலும் ஆண்டுதோறும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இரண்டு பாடங்கள் மிச்சமாகிவிடுகின்றன. இதில் கணினி என்ன செய்ய முடியும்?

பதில்: அடுத்த வாரம் எதை நடத்தப் போகிறோம் என்பதைப் பாடக்குறிப்பேடு சொல்லும். இன்னும் எத்தனை பாடவேளைகள் கையில் இருக்கின்றன என்பதை அது சொல்லாது. உங்கள் சிக்கல் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

ஜூன் தொடக்கம் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ஏறத்தாழ 26 வாரங்கள். ஏழால் பெருக்கினால் 182 பாடவேளைகள் வரும். இதில் காலாண்டுத் தேர்வுக்கும் அதன் விடுமுறைக்கும் மூன்று வாரங்கள், இடைப்பருவத் தேர்வுகளுக்கு இரண்டு வாரங்கள், அரசு விடுமுறைகளுக்கும் மழை விடுமுறைக்குமாகப் பன்னிரண்டு பாடவேளைகள் என்று கழித்தால் மிஞ்சுவது 135 மட்டுமே. நாம் மனத்தில் 182 என்று வைத்துக்கொண்டு நடத்துகிறோம், பள்ளி நமக்குத் தருவதோ 135. கூகுள் ஷீட்ஸிலும் எக்செலிலும் உள்ள நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) என்ற சார்பில் (ஃபங்ஷன்) தொடக்க நாள், முடிவு நாள், விடுமுறைப் பட்டியல் ஆகிய மூன்றையும் கொடுத்தால், சனி, ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் நீக்கி வேலை நாட்களை அதுவே எண்ணித் தரும். வாரம் ஏழு பாடவேளை என்றால் அந்த எண்ணை 1.4 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்த 135இல் 15 பாடவேளைகளைச் சிறுதேர்வுகளுக்கும் மெல்லக் கற்போருக்கும் தனியே ஒதுக்கிவிட்டு, மீதி 120ஐ எட்டுப் பாடங்களுக்கும் பிரியுங்கள். சமமாகப் பிரிக்க வேண்டாம். மும்மாறிச் சமன்பாடுகள், இருபடிச் சமன்பாடு, வரைபடம், அணிகள் எல்லாவற்றையும் சுமக்கும் இயற்கணிதத்திற்கு 28 கொடுத்தால், உறவுகளும் சார்புகளும் பாடத்திற்கு 14 போதும். பிறகு பாடம், திட்டமிட்ட பாடவேளை, எடுத்த பாடவேளை, முடிக்க வேண்டிய நாள், முடித்த நாள் என்று ஐந்தே பத்திகள் கொண்ட அட்டவணை போட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் மூன்றாம் பத்தியை மட்டும் நிரப்பி வாருங்கள். மூன்றாம் பத்தியின் எண் இரண்டாம் பத்தியைத் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் அமைத்துக்கொள்ளலாம். இயற்கணிதம் 28க்குப் பதிலாக 34 எடுத்துக்கொண்டால், அந்த ஆறு பாடவேளைகளை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று அப்போதே முடிவு செய்ய இயலும். இந்த அட்டவணையின் முழுப் பயனும் இதுதான். வண்ணம் தீட்டுவதிலோ இருபது பத்திகள் சேர்ப்பதிலோ நேரத்தைச் செலவிட வேண்டாம். நிரப்ப ஐந்து நிமிடத்திற்கு மேல் பிடிக்கும் அட்டவணையைப் பரபரப்பான வாரங்களில் யாரும் தொடுவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி: வணக்கம் ஐயா. எங்கள் வீட்டில் அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது. அவர் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். செயலிகள் வைத்துத் திட்டமிடுவதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். திட்டம் உங்கள் சுவரிலும் குறிப்பேட்டிலும் இருக்கட்டும். நாள் தவறாமல் நினைவூட்டும் வேலையை மட்டும் கைப்பேசிக்குக் கொடுங்கள். தினசரி நாட்காட்டியையோ ஒரு பெரிய தாளையோ எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னோக்கி எழுதுங்கள். பொதுத்தேர்வு மார்ச்சில் வரும், செய்முறைத் தேர்வு அதற்கு முன்பே வந்துவிடும், செய்முறைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் வேலை அதற்கும் முன்னால் முடிந்திருக்க வேண்டும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 30 மதிப்பெண்ணும் பெரும்பாலும் நாள் தவறாமையால் கிடைப்பவை. அதனால் பதிவேடு, ஒப்படைப்பு ஆகியவற்றின் கெடு நாட்களை முதலில் குறியுங்கள்.

அப்பா வந்ததும் பத்து நிமிடங்கள் கேளுங்கள். கெடு நாட்களை நாட்காட்டிச் செயலியில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பு ஒன்று, முந்திய நாள் இரவு எட்டரை மணிக்கு ஒன்று என இரண்டு அறிவிப்புகள் வையுங்கள். பகலில் ஒலித்தால் அது அப்பாவின் வேலையிடத்தில்தான் ஒலிக்கும், உங்களுக்குப் பயன்படாது. ஒருமுறை பதிந்துவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் அந்த அறிவிப்பு வரும். பட்டன் கைப்பேசியாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் அலாரமும் நினைவூட்டியும் உண்டு, அதுவே போதும்.

நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், திண்டுக்கல்: உயிரியலில் படித்தது பத்து நாளில் மறந்துவிடுகிறது. திருப்புதலைத் திட்டமிட நல்ல வழி உண்டா?

பதில்: மறதி எந்த வேகத்தில் நிகழ்கிறது என்பதைத் தம்மையே சோதித்துப் பதிவு செய்து, ஜெர்மானியரான ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டு வெளியிட்டார். படித்த முதல் நாளில் மறதி மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது. ஆகவே ஒரே நாளில் ஐந்து முறை படிப்பதைவிட, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஐந்து நாட்களில் ஐந்து முறை நினைவுகூர்வது நீண்ட காலம் நிற்கும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டுத் தரும் இலவசச் செயலி அங்கி (Anki). ஆண்ட்ராய்டில் அங்கிட்ராய்டு என்ற பெயரில் கிடைக்கும். ஐபோனில் மட்டும் கட்டணம் உண்டு. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் கொண்ட அட்டைகளை அதில் தமிழிலேயே தட்டச்சு செய்து உருவாக்கலாம்.

அட்டை எழுதும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். "இரட்டைக் கருவுறுதல் பற்றி எழுதுக" என்று ஓர் அட்டை இருந்தால், பாதி தெரிந்தாலும் தெரிந்ததாகவே நினைத்துக் கடந்துவிடுவீர்கள். "ஆண் கேமீட்டுகளில் ஒன்று அண்டத்துடன் இணைகிறது, மற்றொன்று எதனுடன் இணைகிறது?" என்று கேட்டு, மறுபக்கத்தில் "இரண்டாம்நிலை உட்கருவுடன், அதிலிருந்து கருவூண் திசு உருவாகிறது" என்று எழுதினால், தெரியும் அல்லது தெரியாது என்ற இரண்டிற்கே இடமிருக்கும். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று செயலி தானாக அமைத்திருக்கும். அதைப் பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்று சேர்க்கும் ஒவ்வோர் அட்டையும் வரும் வாரங்களில் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் என்பதால், தொடக்க உற்சாகத்தில் நூறு சேர்ப்பவர்கள் இரண்டாம் வாரத்திலேயே திணறிக் கைவிடுகிறார்கள். மற்றவர் தயாரித்த அட்டைகளைப் பதிவிறக்கவும் வேண்டாம். அட்டை எழுதும்போதே பாதி படிப்பு முடிந்துவிடுகிறது.

வகுப்பாசிரியை, திருநெல்வேலி: வகுப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடமும் சுற்றறிக்கையும் போடுகிறேன். காலை வணக்கப் படங்களுக்கிடையே அவை காணாமல் போகின்றன. பெண் குழந்தைகளின் வீட்டு எண்கள் எல்லோருக்கும் தெரிவதும் கவலையாக இருக்கிறது.

பதில்: குழு அமைப்புகளில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட்டால் முதல் சிக்கல் அன்றே தீரும். அந்த வாரத்தின் வீட்டுப்பாடம் முழுவதையும் ஒரே செய்தியாகத் திங்கட்கிழமை எழுதி, அது ஏழு நாட்கள் குழுவின் மேற்பகுதியிலேயே நிற்கும்படி 'பின்' (pin) வசதியால் பொருத்தி வையுங்கள். தினமும் தனித்தனியாக அனுப்பினால் பெற்றோர் தேடிக் களைத்துவிடுவார்கள்.

எண்களைப் பற்றிய உங்கள் கவலை மிகச் சரியானது. குழுவுக்குப் பதிலாக பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்தினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, பதில்களும் உங்களுக்கு மட்டுமே வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துள்ளவர்களுக்கே செய்தி சென்றடையும் என்பதால், பெற்றோர் கூட்டத்தன்று அனைவரையும் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலை முழுதாகப் பொதுவில் இடும் பழக்கம் எங்கிருந்தாலும் அதை நிறுத்த வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. சட்டத்தை விடுங்கள், கடைசி மதிப்பெண் வாங்கிய பிள்ளை மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்குள் வரும் என்பதை நினைத்தாலே போதும்.

தமிழாசிரியர், விழுப்புரம்: செயற்கை நுண்ணறிவிடம் பாடக்குறிப்பும் கால அட்டவணையும் கேட்டு வாங்கலாமா?

பதில்: வரைவாக வாங்கலாம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், எந்த நாளில் உள்ளூர்த் திருவிழா விடுமுறை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. செய்யுள் வரிகளையும் இலக்கணக் குறிப்பையும் நம்பும்படியான நடையில் தவறாகத் தருவதுண்டு என்பதால், ஒவ்வொரு வரியையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவர் பெயர்களை உள்ளிட வேண்டாம்.

தலைமை ஆசிரியர், சிவகங்கை: ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி தொலைந்து, ஓர் ஆண்டின் வருகைக் குறிப்பும் தேர்வுப் பதிவும் போய்விட்டன. இனி எப்படித் தடுப்பது?

பதில்: பள்ளியின் பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்குத் தொடங்கி, ஆசிரியர்களின் அட்டவணைகள் அனைத்தையும் அந்தக் கணக்கின் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தில் வையுங்கள். பணிமாறுதலில் செல்பவரோடு கோப்பும் சென்றுவிடாமல் இருக்க இதுவே வழி. இலவசக் கணக்கின் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. அட்டவணைகள் மிகச் சிறிய இடத்தையே பிடிக்கும், விழா நாள் காணொளிகள்தான் நிரப்பிவிடும் என்பதால் அவற்றை அங்கே ஏற்ற வேண்டாம். கடவுச்சொல்லும், கைப்பேசி கையில் இல்லாதபோதும் கணக்கில் நுழைய உதவும் இரட்டைச் சரிபார்ப்பு மாற்றுக் குறியீடுகளும் உறையிலிட்டு அலுவலகப் பீரோவில் இருக்கட்டும். மாதத்தின் கடைசி வேலை நாளில் மதிப்பெண், வருகை ஆகிய இரண்டு கோப்புகளை மட்டும் தரவிறக்கிப் பள்ளிக் கணினியிலும், அச்செடுத்துக் கோப்பிலும் வையுங்கள். அந்தப் பொறுப்பை இருவருக்குக் கொடுங்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் செய்துவிடுவார்.