மாத்திரைக்கு இதயம் எது, நுரையீரல் எது என்று தெரியாது

கேள்வி: நெஞ்சு படபடப்புக்காகவும் பிரஷருக்காகவும் என் அப்பா இரண்டு வருடமாக மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். இப்போது பிரஷர், நாடி எல்லாம் நார்மல். மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகுமே, நிறுத்திவிடலாமா? மிச்சமிருக்கும் அட்டையை மேடையில் கை நடுங்கும் என் தம்பிக்குக் கொடுக்கலாம் என்கிறார் நண்பர் ஒருவர். தம்பிக்கு வீசிங் உண்டு. ஆனால் இது இதயத்துக்கான மாத்திரைதானே, நுரையீரலை என்ன செய்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். அப்பாவுக்கு நீங்களாக நிறுத்தக் கூடாது, தம்பிக்குப் பாதி மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்லாமல் விட்டால் சும்மா பயமுறுத்துவதாகத் தோன்றும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

இதயத்துக்கு மட்டும் போகிற மாத்திரை என்று ஒன்று கிடையாது. விழுங்கிய மருந்து குடலில் கரைந்து, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. எந்த செல்லில் தனக்குப் பொருந்துகிற ஏற்பி இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்கிறது, இல்லாத இடத்தில் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகிறது, அவ்வளவுதான். ஏற்பி என்பது செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். நாம் பயந்தாலோ ஓடினாலோ சுரக்கும் அட்ரினலின் அதில் வந்து ஒட்டும்போது செல்லுக்கு உள்ளே வேலை தொடங்கும். உங்கள் அப்பாவின் மாத்திரை அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தானும் எதையும் தூண்டாமல், அட்ரினலினையும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. இந்த வகை மருந்துக்குத்தான் பீட்டா பிளாக்கர் என்று பெயர்.

ஒரே அட்ரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது, சில ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, மூச்சுக்குழாயைத் தளர்த்தியும் விடுகிறது. இது எப்படி என்ற கேள்விக்கு 1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஒரு விடை சொன்னார்: வித்தியாசம் அட்ரினலினில் இல்லை, அதை வாங்குகிற இடத்தில் இருக்கிறது, ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது, வேறு இதழில் வந்த பிறகும் பல வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதை எடுத்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுக்க எல்லோரும் வழி தேடியபோது, இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று யோசித்து 1960-களில் ப்ரொப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொண்டுவந்தார். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு இடையில், 1967-இல், பீட்டாவிலேயே இரண்டு வகை இருப்பதும் தெரிந்தது: இதயத்தில் அதிகம் இருப்பது பீட்டா 1, மூச்சுக்குழாயிலும் தசைகளிலும் அதிகம் இருப்பது பீட்டா 2.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கை நடுக்கத்தில் பெரும் பங்கு தசையில் இருக்கும் பீட்டா 2-க்கு. டாக்டர்கள் மேடை நடுக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் தடுக்கும் ப்ரொப்ரனலாலைத்தான், அதையும் வீசிங் இருப்பவருக்குக் கொடுப்பதில்லை. ஏனென்றால் எதைத் தடுத்தால் கை நடுக்கம் நிற்குமோ அதையே தடுத்தால் மூச்சுக்குழாய் இறுகும். இன்னும் மோசம், மூச்சு முட்டும்போது அவர் எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் வேலை செய்வதும் இதே பீட்டா 2-இல்தான், அந்த இடம் அடைபட்டிருந்தால் இன்ஹேலரும் சரியாகக் கைகொடுக்காது. அப்பாவின் மெட்டோப்ரோலால் பீட்டா 1-ஐத்தான் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது அளவைப் பொறுத்த விஷயம், டோஸ் கூடக் கூட அந்த வேறுபாடு குறைந்துகொண்டே போகும். ஆக, நடுக்கத்துக்குப் பெரிதாக உதவாத, மூச்சுக்கு ஆபத்தான ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார் உங்கள் நண்பர். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் வேண்டாம்.

அப்புறம் அப்பா. மருந்து சேர்ந்துகொண்டே போகும் என்று பயப்படுகிறீர்கள். மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது, சாதாரணமாக 3 முதல் 7 மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகிவிடும். மருந்து தங்குவதில்லை, உடம்புதான் மாறுகிறது. பள்ளியில் ஏற்பியைப் பூட்டு என்றும் மருந்தைச் சாவி என்றும் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் எந்தப் பூட்டும் அடைத்து வைத்தால் எண்ணிக்கையில் பெருகாது. ஏற்பி பெருகும். அட்ரினலினின் சேதி கிடைக்காத இதய செல்கள் நாளடைவில் பீட்டா ஏற்பிகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மருந்து ஓரிரு நாளில் போய்விடும், கூடுதல் ஏற்பிகள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த இடைவெளியில் சாதாரண அட்ரினலினே அதிகமாக வேலை செய்யும்: படபடப்பு, பிரஷர் ஏற்றம், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சு வலி, சிலருக்கு மாரடைப்புவரை. நார்மல் என்று நீங்கள் பார்க்கும் அந்த எண்களே மாத்திரை உள்ளே இருப்பதால் வந்தவை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நிறுத்தவே முடியாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சரி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள், அந்த நாட்களில் அப்பா கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்ப்பது மட்டும்தான் தெரியும். கடிதம் எழுதிய பிறகு ஒருவேளை நிறுத்தியே விட்டீர்கள் என்றால், நீங்களாக மறுபடி ஆரம்பிக்காமல் இன்றைக்கே அந்த டாக்டருக்கு போன் செய்யுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.