தேற்றத்துக்கு நிரந்தர முகவரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரிக் கணிதத்துக்கு இணையத்தில் தமிழ்க் களஞ்சியம் ஒன்றை எட்டு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிவருகிறோம். இயல் 1, தேற்றம் 1.1, 1.2 என்று எண் கொடுக்கிறோம். இது சரிதானா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: படிப்பதற்குச் சரி, சுட்டுவதற்குச் சரிவராது. நாளைக்கே 1.3-க்கு முன்னால் ஒரு துணைத்தேற்றத்தை நுழைப்பீர்கள். பழைய 1.3, 1.4 ஆகிவிடும். "1.3-இன்படி" என்று எழுதிவைத்த பக்கங்கள் எல்லாம் வேறொரு தேற்றத்தைக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் பல மாதம் யார் கண்ணிலும் படாது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டி யோங் தொடங்கிய ஸ்டாக்ஸ் புராஜெக்ட், இயற்கணித வடிவியலுக்கான பெரிய களஞ்சியம். அங்கே ஒவ்வொரு வரையறைக்கும் தேற்றத்துக்கும் நான்கெழுத்துக் குறி உண்டு. பத்து இலக்கங்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் மட்டுமே; சுழியோடு குழம்பும் 'ஓ'வை விட்டுவிட்டார்கள். 35 எழுத்து, நான்கு இடம்: 15,00,625 குறிகள் கிடைக்கும். தேற்றம் இயல் விட்டு இயல் போனாலும் குறி மாறாது. நீங்களும் இதையே செய்யுங்கள். வரிக்கு ஒன்றாக "குறி, உள்பெயர்" (உள்பெயர் என்பது மூலக் கோப்பில் அந்தத் தேற்றத்துக்கு வைத்த பெயர்) என்று ஒரே கோப்பில் வையுங்கள். புதுக் குறி கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இருவர் கொடுத்தால் ஒரே குறி இரண்டு தேற்றத்துக்குப் போய்விடும்.

தேற்றம் தப்பென்று தெரிந்தால் பக்கத்தை அழிக்காதீர்கள். ஓஇஐஎஸ் என்னும் முழு எண் தொடர்வரிசைக் களஞ்சியம், அச்சில் தவறாக வந்த வரிசைகளைக்கூட 'டெட்' (செத்தது) என்ற அடையாளத்தோடு வைத்திருக்கிறது. தப்பான வரிசையைத் தேடி வருபவர் அங்கிருந்தே சரியானதற்குப் போகலாம்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிடலாமா? தப்பு நுழைந்துவிடாதா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எழுதும் கதவைத் திறந்துவையுங்கள், வெளியிடும் கதவில் ஆள் வையுங்கள். பிளானட்மேத் என்னும் இணையக் கணிதக் களஞ்சியம் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரிமையாளரை வைத்தது. மற்றவர்கள் திருத்தம் அனுப்புவார்கள்; உரிமையாளர் நெடுநாள் கண்டுகொள்ளாவிட்டால் கட்டுரை வேறு கைக்குப் போகும். பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை.

ஆனால் சிறு குழுவுக்கு ஓஇஐஎஸ் வழியே ஏற்றது என்பேன். கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964-இல் தனியாளாகச் சேர்க்கத் தொடங்கியது அது. 1973-இல் 2,372 தொடர்வரிசைகளோடு புத்தகமாக வந்து, 1996-இல் இணையம் ஏறியது. இன்று தன்னார்வப் பதிப்பாசிரியர்கள் கையில் நடக்கிறது. அனுப்புபவர் வரைவு எழுதி முன்மொழிவார், ஒரு பதிப்பாசிரியர் பார்த்துக் குறிப்பெழுதுவார், திருத்தம் முடிந்த பிறகுதான் ஒப்புதல். ஒருவர் பெயரில் மூன்று வரைவுக்கு மேல் நிலுவையில் நிற்க முடியாது. இந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வமுள்ள ஒருவர் ஒரே வாரத்தில் நாற்பது வரைவைக் கொட்டினால் சரிபார்ப்பவர் சோர்ந்துபோவார், மற்றவர்களின் வரைவும் தேங்கும்.

சரிபார்ப்பவர் நிரூபணத்துக்கு முன் கூற்றைப் பார்க்கட்டும். விட்டுப்போன நிபந்தனைதான் அதிகம் அகப்படும். "மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது." இதில் 'மூடிய' விழுந்துவிட்டால் தேற்றமே பொய். எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பு (x-க்கு 1/x), 0-க்கும் 1-க்கும் இடையிலான திறந்த இடைவெளியில் தொடர்ச்சியானதுதான். ஆனால் 0-ஐ நெருங்க நெருங்க எல்லையின்றி உயர்கிறது. அடுத்தது தொடக்க எண். பிபனாச்சி வரிசையை 0, 1, 1, 2 என்று 0-ஆவது உறுப்பிலிருந்து எண்ணினால் பத்தாவது உறுப்பு 55. அதே பட்டியலின் முதல் 0-ஐ 1-ஆவது உறுப்பாக எண்ணினால் 34. வாய்பாடுகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். எனவே முதல் மூன்று உறுப்புகளுக்காவது கையால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு 'தாயம்', 'காவி', 'முதன்மை எண்'. தமிழ்நாட்டில் முறையே 'அணி', 'திசையன்', 'பகா எண்'. எதில் எழுதுவது?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் எழுதியவர் வைத்த சொல் தலைப்பாக இருக்கட்டும். மற்றச் சொல்லைத் தேடினாலும் அதே பக்கம் திறக்க வழிமாற்று வையுங்கள். முதல் வரியில் இரண்டையும் சொல்லுங்கள். ஒரே கட்டுரைக்குள் மட்டும் கலக்காதீர்கள். 'முழு எண்' போன்ற சொல்லுக்கு விளக்கம் போதாது: பள்ளிப் புத்தகத்தில் அது 0, 1, 2 என்று போகும், பேச்சில் குறை எண்களையும் சேர்ப்பவர்கள் உண்டு. கணத்தையே எழுதிக் காட்டுங்கள்.

தேடலில் இன்னொரு சிக்கல். 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. 'கொத்து' என்று தேடினால் பாதிப் பக்கம் வராமல் போகும். சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவுக்கு, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உரிமம் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கூடாது. 2000-இல் பதிப்பகம் ஒன்று தொடுத்த பதிப்புரிமை வழக்கால் மேத்வேர்ல்ட் என்னும் இணையக் கணிதக் களஞ்சியம் ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. அந்த இடைவெளியில்தான் பிளானட்மேத் பிறந்தது. எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் பகிர விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு ஒவ்வொருவரும் பதிவு செய்யும்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேர் எழுதிய பிறகு கேட்டால், பதில் வராத ஒவ்வொருவர் எழுத்தையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். முழுத் தரவையும் மாதம் ஒருமுறை யாரும் இறக்கிக்கொள்ளும்படி ஒரே கோப்பாக வையுங்கள். தளம் நின்றுபோனால் வேறொருவர் அதை வைத்து மறுபடி எழுப்பலாம்.