வெல்லக் கரைசலில் பெருகாத பூஞ்சை

கேள்வி: தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ் நட்டிருக்கிறேன். அடியுரமாக டிஏபி கொடுத்தேன். வேர் உட்பூசணத் தூளை (செடியின் வேருக்குள் வாழும் மைக்கோரைசா பூஞ்சையின் தூள்) வெல்லக் கரைசலில் மூன்று நாள் ஊறவைத்து, நட்ட இருபதாம் நாள் செடிகளுக்கு ஊற்றினேன். எந்த மாற்றமும் இல்லை. விற்றவர் இரண்டு மடங்கு போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். வெல்லத்தில் ஊறவைக்கச் சொன்னதும் அந்த விற்பனையாளர்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பூஞ்சை உயிருள்ள வேருக்குள் புகுந்தால்தான் வளரும். வெல்லத்திலும் பெருகாது, சாணத்திலும் பெருகாது. சோளம், மக்காச்சோளம் போன்றவற்றின் வேரில் வளர்த்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள். தொழுவுரத்தில் பெருகுவது டிரைக்கோடெர்மா. அது வேரழுகல், நாற்றழுகல் கிருமிகளை அடக்கும் வேறொரு பூஞ்சை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர், "பத்தே நாளில் பலன்" என்கிறவர் யாராக இருந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உட்பூசணம் வேரில் நன்றாகக் குடியேறவே மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

தூள் வேரைத் தொட வேண்டும். மேலே ஊற்றினால் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். நாற்றங்காலில் விதைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் மெல்லிய படலமாக இடுங்கள். தவறினால் நடும் குழியில் போடுங்கள்.

அடுத்தது டிஏபி. அது மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரம். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவருவதுதான் இந்தப் பூஞ்சையின் முக்கிய வேலை. செடி அதற்குக் கூலியாகச் சர்க்கரை தருகிறது. மணிச்சத்து காலடியில் கொட்டிக் கிடக்கும்போது செடி எதற்குக் கூலி கொடுக்கும்? மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் இந்தத் தூளுக்குச் செலவழிக்காதீர்கள்.

முட்டைக்கோஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கடுகுக் குடும்பம். காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு எல்லாம் அதே குடும்பம்தான். இவற்றின் வேர் இந்தப் பூஞ்சையுடன் உறவு வைத்துக்கொள்வதில்லை. ஒரு கைப்பிடி போட்டாலும் ஒரு மூட்டை போட்டாலும் அப்படித்தான். பீட்ரூட், தண்டுக்கீரை வகையும் ஏறக்குறைய இதே கதை. ஆனாலும் "அனைத்துக் காய்கறிகளுக்கும் ஏற்றது" என்று உறையில் அச்சடிக்கிறார்கள், கேட்பார் இல்லை. வேர்த்தூவி குறைந்த வெங்காயத்துக்கு முறையாகப் போட்டிருந்தால் பலன் பார்த்திருக்கலாம்.

உறையில் போட்டிருக்கும் வித்து (பூஞ்சைக்கு விதை போன்ற நுண்துகள்) எண்ணிக்கையையும் நம்பி மயங்க வேண்டாம். செத்த வித்தும் அதில் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கலாம். வேரில் பூஞ்சை குடியேறியதா என்பதை வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அறிய முடியும். அந்த வசதியை விவசாயிக்கு அருகில் கொண்டுவர யாருக்கும் அவசரமில்லை. தூளை அவர் தலையில் கட்டத்தான் அவசரம்.

ஊறவைக்காத தூள் மீதம் இருந்தால் வெயில் படாமல் வையுங்கள். அடுத்த மிளகாய் நாற்றில் பாதித் தட்டுகளுக்கு மட்டும் இட்டு, மீதித் தட்டுகளைச் சும்மா விடுங்கள். நடும்போது இரண்டையும் தனித்தனி வரிசையாக நட்டு அடையாளம் வையுங்கள்.