2147483647: ஒரே எண்ணைப் பற்றிப் பல கேள்விகள்

கேள்வி: சார், 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இதில் அப்படி என்ன விசேஷம்?

31 இரண்டுகளைப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது இது. அதாவது 2³¹−1. பகா எண். அடுக்கில் இருக்கும் 31 என்ற எண்ணும் பகா எண்தான், அதுவும் 2⁵−1 என்றே எழுதக்கூடியது. இந்த மாதிரி எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர்.

கேள்வி: அப்போ அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதுமா?

போதாது. 2¹¹−1 = 2047 = 23×89.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் அண்ணா?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1772-இல் கணித மேதை ஆய்லர் நிரூபித்தார், அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம், ஆக அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், அவை 4,700-க்கும் மேல். அவர் அப்படிச் செய்யவில்லை. q என்ற பகா எண் 2³¹−1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். 2, 4, 8, 16 என்று போய் ஒவ்வொன்றையும் q-ஆல் வகுத்து மீதியை எழுதினால், 31-ஆவது படியில் மீதி 1 வந்து, அப்புறம் அதே வரிசை திரும்பும். 31 பகா எண் என்பதால் சுழற்சியின் நீளம் சரியாக 31, ஃபெர்மாவின் தேற்றப்படி அந்த நீளம் q−1-ஐ மீதியில்லாமல் வகுத்தாக வேண்டும். q ஒற்றைப்படை வேறு, எனவே அது 62k+1 வடிவில்தான் இருக்க முடியும். எட்டால் வகுத்தால் q-க்கு மீதி 1 அல்லது 7தான் வரும் என்ற இன்னொரு விதியையும் சேர்த்தால் 248n+1, 248n+63 என்ற இரண்டே வடிவங்கள் மிஞ்சும். அதில் சோதிக்க வேண்டிய பகா எண்கள் சுமார் 80தான்! ஒன்றுகூட வகுக்கவில்லை.

கேள்வி: செவ்விய எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது செவ்விய எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதுவே திரும்ப வரும்.

கேள்வி: நான் புரோகிராமர். இன்ட் (முழு எண்) மதிப்பின் உச்சமாக இதைத்தான் பார்க்கிறேன், ஏன்?

கணினி அந்த எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில், வைக்கிறது; அதில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடுகிறது, மீதி 31 பிட்டில் அடங்கும் பெரிய எண் இது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இப்படி எண்ணும் பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8:44:07-க்கு எண்ணிக்கை நிரம்பிவிடும், அடுத்த விநாடி −2147483648 ஆகி தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாற்றிவிட்டால் கவலையில்லை. மாற்றாத சின்னச் சின்னக் கருவிகளை இப்போதே தேடிப் பிடிப்பது நல்லது.

கேள்வி: இதையே அடுக்காக வைத்தால்? 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷−1 பகா எண்ணா?

இல்லை. 295257526626031 அதை வகுக்கும். இங்கேயும் மேலே சொன்ன அதே விதிதான் வேலை செய்கிறது: அந்த வகுத்தி 2×68745×2147483647+1. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.